பஞ்சு மழை குறித்துச் சித்தப்பாவின் வாக்குமூலம்

என் அண்ணன் பெற்ற ஒரே மகளும் எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றமும் ஆகிய உனக்கு, சித்தப்பா தலைகுனிந்து எழுதுவது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் நலம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் அப்பாவும் நலம் என்று நம்பகமான வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இதைப் படித்து முடித்த பிறகும் இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ "மீட்டிங் சித்தப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

"அப்பா பாத்ரூம்ல பஞ்சு மழை பெய்யுதாமே, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க? மாசக் கடைசியில வர்றேன். நிலைமை சரியில்லேன்னா அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அதன் முன்பாதிக்கு என்னிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. பின்பாதிக்கு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்ட நாங்கள் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். காரணம் தெரியாது. சொன்னால் சிரிப்பாய் என்று மறைத்துவிட்டோம். நான் பேருந்து ஓட்டிய காலத்தில், கழுத்தளவு வெள்ளத்தில், ஜன்னல் வழியாக மீன்கள் டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொண்டிருக்க, அறுபத்திரண்டு பயணிகளையும் ஒரு துளி நனையாமல் கரை சேர்த்த வரலாற்றை ஒரு விருந்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் சர்வேயராக ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த உன் அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "முட்டிக்கால் வரைக்கும்தான்" என்றார். இருபது பேர் சிரித்தார்கள். ஒரே வார்த்தையில் வெள்ளத்தைக் கழுத்திலிருந்து முட்டிக்கு இறக்கிய மனிதரோடு எப்படியம்மா பேசுவது?

இப்போது குழாய்க்கு வருகிறேன். இந்த வருஷம் மழை விடவே இல்லை. கொடியில் போட்ட சட்டையில் காளான் முளைத்தது, அதைப் பறித்துச் சமைக்கலாம் போல இருந்தது, சரி என்று துணி காயவைக்கிற ட்ரையர் ஒன்று வாங்கினேன், வாங்கின பிறகுதான் அதன் சூட்டுக் காற்று வெளியே போக ஒரு குழாயும் சுவரில் ஓர் ஓட்டையும் வேண்டும் என்றார்கள், ஓட்டை போடலாம் என்று வெளிச்சுவரில் துளைக் கருவியை வைத்தால் சுவர் சிரிக்கிறது, மூன்று முனை உடைந்தது, நாலாவதாக என் முதுகு உடைந்தது, அண்ணாந்து படுத்தவன் கண்ணில் மேலே ஒரு தகரக் குழாய் பட்டது. உன் அப்பா பாத்ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய்! நடுச்சுவரைத் தாண்டி, என் தலைக்கு மேலேயே ஊர்ந்து, என் பக்கத்துச் சுவர் வழியாகத்தான் வெளியே போகிறது. ஓட்டை என் சுவரில், உரிமை அவருக்கா? அந்தக் குழாயை நடுவில் அறுத்து, கவட்டை மாதிரி ஓர் இணைப்பை வைத்து, என் ட்ரையரையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். அனுமதி கேட்டிருக்கலாம்தான். பேசாத மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

மறுநாள் காலை பெரிய போர்வையைப் போட்டு இயந்திரத்தை முடுக்கினேன். வெளி ஓட்டையின் மூடி துருப்பிடித்துப் பாதிதான் திறக்குமாம், எனக்கென்ன தெரியும்? போக இடமில்லாத காற்று, போர்வையின் பஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு, கேட்காமல் அறைக்குள் நுழையும் உறவுக்காரன் மாதிரி உன் அப்பா பாத்ரூமுக்குள் போய்விட்டது. அவரோ தலை முதல் கால் வரை சோப்பு. ஒரு மூட்டைப் பஞ்சு, ஓர் இழை வீணாகாமல் அவர் மேலேயே ஒட்டியது. குழாய் வழியாக ஒரு குரல் வந்தது.

"டேய்!"

ஆறு வருஷத்தில் என் அண்ணன் எனக்கென்று சொன்ன முதல் சொல். அதைக் கேட்டு நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சும்மா இருப்பாரா? மறுநாள் வெந்நீரைத் திறந்துவிட்டு ஃபேனைப் போட்டார். ஆவி முழுக்க என் ட்ரையருக்குள் இறங்கியது. உள்ளே போட்டதைவிட ஈரமாக வெளியே வந்த ஒரே துணி, உலகத்திலேயே என் வேட்டிதான். அதில் அவருடைய சோப்பு வாசனை வேறு. அதற்குப் பிறகு தினமும் காலை ஏழரைக்குப் போர் நடந்தது. துணி இல்லாத நாளில் ஒரே ஒரு கைக்குட்டையைப் போட்டு ஓட்டினேன். உன்னிடம் ஒளிப்பானேன், அந்த "டேய்" கேட்கத்தான். நல்ல நாளில் "அறிவு இருக்காடா?" என்பதும் கிடைக்கும்.

போன வாரம் குரல் நின்றது. முதல் நாள் கைக்குட்டை போட்டேன், பதில் இல்லை. இரண்டாம் நாள் போர்வையே போட்டேன். மூன்றாம் நாள் ஸ்டூலில் ஏறி, குழாயில் வாயை வைத்து, "அண்ணே" என்றேன். குழாய்தான் "அண்ணே" என்றது. செருப்புகூடப் போடாமல் வாசலைச் சுற்றி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவர் வந்து திறப்பதற்குள் எனக்கு நூறு வயது ஆகிவிட்டது. ஜுரம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "மூணு நாளாக் கத்தத் தெம்பில்லடா" என்றார்.

டாக்டரைக் கூட்டி வந்தேன். இப்போது ஜுரம் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார்; சொல்லிவிட்டேன்.

உன் செய்திக்குப் பயந்து மெக்கானிக்கையும் அழைத்தேன். மேலே பார்த்தவர், "இந்த ஜாயின்ட் யாரு சார் போட்டது?" என்றார். வெளிநாட்டில் படித்த ஒரு நிபுணர் என்றேன். "அவர் கையைக் கட்டிப் போடுங்க சார். பஞ்சு, சூடு, ஈரம் எல்லாம் ஒரே குழாயில. இது குழாய் இல்ல, தீப்பெட்டி" என்று உள்ளே கைவிட்டு, இரண்டு தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சை எடுத்தார். அண்ணனைத் தீக்குள் வைத்திருந்தேன் என்று தெரிந்ததும் ட்ரையரின் ஒயரை அப்போதே பிடுங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமையே பிரித்துவிட்டோம். அவருக்குத் தனி ஓட்டை, எனக்குத் தனி ஓட்டை. துணி நன்றாகக் காய்கிறது. சத்தம் ஒன்றும் வருவதில்லை.

ஆகையால் நிலைமை சரியாகிவிட்டது, அம்மா. அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே. நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லைதான், நான் மானஸ்தன், அதில் மாற்றமில்லை. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா?

உன் வீட்டுக் குழாய்கள் தனித்தனியாகவும், மனிதர்கள் ஒன்றாகவும் நெடுங்காலம் இருக்க வாழ்த்தும்,
சித்தப்பா

பி.கு.: இனி எழுதுவது அப்பா. தபாலில் போடச் சொல்லி, உறையை ஒட்டாமல் கொடுத்தான். ஒட்டாமல் கொடுத்தால் படி என்று அர்த்தம். படித்தேன். மூட்டைப் பஞ்சு இல்லை, ஒரு கைப்பிடி. மூன்று முனை உடையவில்லை, ஒன்று; அதுவும் என்னுடையது, ஏழு வருஷத்துக்கு முன் இரவல் வாங்கியது. தலையணைக் கணக்கு பொய். மூன்று நாள் இல்லை, இரண்டரை நாள். பேசிக்கொள்வதில்லை என்பது சுத்தப் பொய். காலை ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால் என் காது தேய்ந்த பிறகுதான் எழுந்திருக்கிறான். பஞ்சு பற்றி உன்னிடம் சொன்னது புகார் இல்லை, செய்தி. நான் எங்கும் வருவதாக இல்லை. நீ வா.

வெள்ளம் விஷயம்: நான் அன்று அந்தப் பேருந்தில் இல்லை, அளக்கவும் இல்லை. இடுப்பளவு வரை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட முடியாது என்று அவனிடம் சொல்லியாயிற்று.