பூவாயி ஒழிக!

ஒரு காட்டில் கால்பந்துக் கழகம் ஒன்று இருந்தது. காடென்றால் சிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். சிங்கமும் இருந்தது. அது கிரிக்கெட் மட்டுமே பார்க்கும் என்பதால் இந்தக் கதைக்குள் வராது.

புளியங்காட்டுக் கால்பந்துக் கழகம் என்று பெயர். அதற்கு ஒரே ஓர் அணி, ஆண்கள் அணி. கோல்கீப்பர் காட்டெருமைக்குக் கோல் வாயையே அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. இருந்தும் பந்து எப்படியோ அதன் காலிடுக்கில் புகுந்து போய்விடும். முன்னால் ஆட இரண்டு முயல்கள். பந்து தங்களை நோக்கி வந்தால் இரண்டும் எதிர்ப்பக்கம் ஓடி ஒளிந்துகொள்ளும். இந்த அணி கடைசியாக எப்போது ஜெயித்தது என்று கேட்டால் ஆமைக்குக்கூட நினைவில்லை.

ஆனாலும் அணிக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் கோரையன் என்ற காட்டுப்பன்றி. கழகம் தோற்ற அன்று அவர் கிழங்கைத் தொடமாட்டார். அதனாலேயே பாதி மழைக்காலம் பட்டினி. "தோத்தா என்னய்யா, நம்ம பயலுவ" என்பார். பக்கத்து மூங்கில்காட்டு அணியின் ரசிகர்கள் கேலி செய்தால் போதும், கொம்பாக நீண்ட கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப் போன ஒரு சண்டையில் வலது கொம்பின் முனை உடைந்திருந்தது. அதைப் பெருமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

கழகத் தலைவர் அம்பாரி என்ற கிழட்டு யானை. ஒருநாள் கூட்டம் போட்டு, துதிக்கையைத் தூக்கி, "இந்த வருஷத்திலிருந்து நம் கழகத்துக்குப் பெண்கள் அணியும் உண்டு" என்று அறிவித்தது.

கரடி கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. கோரையன் எழுந்தார்.

"ஐயா, நம்ம பசங்களுக்கே போட ஷூ இல்ல."

"வாங்கிக் கொடுத்தேனே கோரையா. தின்னுட்டாங்க."

"அது பசியிலய்யா. இப்ப இவங்களுக்குச் செலவு பண்ணினா பசங்க மனசு உடைஞ்சிரும். ஆட்டமே கெட்டுப்போயிரும்."

"இதுக்கு மேலயுமா?" என்றது யானை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

கோரையனின் நெருங்கிய சிநேகிதன் பிடியன் என்ற உடும்பு. ரசிகர் மன்றத்தின் செயலாளரும் அவன்தான். அவன் மரத்தில் இருந்தபடியே, "அவங்களுக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். கோரையனும் தட்டினார். ஆஃப்சைடு என்பது மைதானத்தில் நிழல் விழாத பக்கம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

யானை கடைசியாகச் சொன்னது: "இந்த மழைக்காலம் முடியட்டும். ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தால் பெண்கள் அணி இருக்கும். வராவிட்டால் கலைத்துவிடுவோம். அவ்வளவுதான்."

கோரையன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உறுமினார். இது கழகத்தின் மானப் பிரச்சினை. மூங்கில்காட்டான் சிரிப்பானே! முதல் ஆட்டத்திலேயே மொத்தக் காட்டையும் திரட்டிப்போய், கத்தித் தீர்த்து, அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓடவைப்பது என்று முடிவு செய்தார்.

சும்மா சொல்லக்கூடாது, ஏற்பாடு பிரமாதம். மரங்கொத்திகள் தப்பட்டை அடித்தன. ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். நடுவில் கோரையன் கைபேசியைக் காதில் வைத்தபடி நடந்து வருகிறார். சுற்றிலும் வட்ட வட்டமாக மன்ற உறுப்பினர்களின் முகங்கள். கீழே ஒரு மூலையில், எறும்பு படிக்கிற அளவுக்கு, 'பெண்கள் அணி வேண்டாம்' என்று எழுதியிருந்தது. காடே திரண்டு வந்தது. ஆண்கள் அணி ஆடியபோதுகூட அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை.

ஆட்டம் தொடங்கியதும் கோரையன் குரல் கொடுத்தார். "கடமானே!"

"ஒழிக!" என்றது காடு.

மைதானத்தில் மூன்று கடமான்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. அதில் ஒன்று துள்ளிக்கொண்டு கோட்டருகே வந்தது.

"அண்ணே, யாரைச் சொல்றீங்க? எங்க டீம்ல மூணு கடமான் இருக்கோம்."

கோரையன் இதை எதிர்பார்க்கவில்லை. "அது வந்து... இந்த எடது பக்கமா ஓடுதே, அது."

"அது நான்தாண்ணே. பூவாயி. பேரைச் சொல்லியே திட்டுங்க. பொதுவாச் சொன்னீங்கன்னா அக்காங்க ரெண்டு பேரும் தங்களைத்தான்னு வருத்தப்படுறாங்க."

சொல்லிவிட்டுப் பூவாயி ஓடிவிட்டாள். கோரையனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

"பூவாயி!"

"ஒழிக!"

"தேங்க்ஸ்ணே!" என்று கத்திக்கொண்டே அவள் இரண்டு பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டாள். கரடி தன்னை மறந்து கைதட்டிவிட்டு, ஈ அடித்ததாகச் சொன்னது.

அதன்பின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனார்கள். ஒருத்தியைச் சரியாகத் திட்ட வேண்டுமென்றால் அவளைச் சரியாகப் பார்த்தாக வேண்டும் அல்லவா? கோரையன் பார்த்தார். பூவாயி பந்தை வெளிக்காலால் தட்டி உள்ளே திரும்புவதைப் பார்த்தார். கோல்கீப்பர் சித்திரை என்ற மந்தி கம்பத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு மறுகம்பம் வரை பாய்வதைப் பார்த்தார். ஆஃப்சைடு என்பது நிழலோடு சம்பந்தமில்லாத விஷயம் என்பதையும் அங்கேதான், யாரிடமும் கேட்காமல், ரகசியமாகக் கற்றுக்கொண்டார்.

கரடியின் டீக்கடையில் பேச்சே மாறிப்போனது.

"நேத்து அந்தப் பூவாயி பந்தைச் சித்திரைக்கே திருப்பிக் கொடுத்திருக்கணும். புத்தி கெட்டவ" என்பார் கோரையன்.

"கெடையாது தலைவரே. வலது பக்கம் ஆள் காலியா நின்னுச்சு. அங்க கொடுத்திருக்கணும். அதான் நான் அவளை அடியோட வெறுக்கிறேன்" என்பான் பிடியன்.

இப்படி வெறுத்து வெறுத்து டீ ஆறிப்போகும். இதற்கிடையில் ஆண்கள் அணி தோற்றதா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தோற்றிருந்தது.

ஒருநாள் யானை அம்பாரி டீக்கடைப் பக்கம் வந்து கோரையனைத் துதிக்கையால் தழுவிக்கொண்டது. "கோரையா, இப்படி ஒரு கூட்டத்தை நான் கனவிலும் நினைக்கல. அணி நிக்கும் போலிருக்கே!"

"ஐயா, நாங்க எதிர்ப்புத் தெரிவிக்க வர்றோம்."

"எதுக்கு வர்றீங்கங்கிறது உங்க மனசு. வர்றீங்க பாரு, அது கூட்டம்."

யானை போன பின் பிடியன்தான் மெல்ல வாயைத் திறந்தான்.

"தலைவரே, அப்ப நாமதான்... ஆதரவா?"

கோரையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தி, தன் கையாலேயே அந்த அணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்! அந்த இடத்திலேயே பந்து ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். இனி ஒருவரும் ஆட்டத்துக்குப் போவதில்லை. போனால் அவர் மன்றத்தில் இல்லை. பாம்புக்குக் கை இல்லாததால் வாலை வைத்தது.

அடுத்து வந்தது மூங்கில்காட்டுப் பெண்கள் அணியோடு ஆட்டம். மழைக்காலத்தின் கடைசி ஆட்டமும் அதுதான். மூங்கில்காட்டான் என்றால் ஆண்கள் அணியை ஒவ்வொரு முறையும் உரித்து அனுப்புகிற அதே மூங்கில்காட்டான்.

அன்று காலையிலிருந்து கோரையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டினார், மூடினார், மறுபடி தோண்டினார். மூங்கில்காட்டின் தடுப்பில் ஒரு செந்நாய் இருக்கிறது, காலைப் பார்த்துத்தான் பாயும். இந்தப் பூவாயி இடது பக்கமாகவே போய் மாட்டிக்கொள்ளுமே! நமக்கென்ன, மாட்டட்டும். ஆனால் மாட்டிக்கொள்ளுமே!

திடீரென்று அவருக்கு ஒரு பொறுப்பு நினைவுக்கு வந்தது. யாராவது சத்தியத்தை மீறி ஆட்டத்துக்குப் போயிருந்தால்? தலைவர் என்கிற முறையில் போய்ப் பார்க்க வேண்டாமா?

"கிழங்கு தோண்டப் போறேன்" என்றார் மனைவி செவத்தாளிடம்.

"அதுக்கு எதுக்கு விசில்?" என்றாள் செவத்தாள்.

அவர் விசிலை மறைத்துக்கொண்டு நடந்து, மைதானத்து ஓரம் இருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து உட்கார்ந்தார். புளியங்காட்டுப் பக்கம் ஒரு பிராணி இல்லை. யானை அம்பாரி மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் மூங்கில்காட்டுக் கூட்டம் கொட்டடித்துக் கூத்தாடியது. சத்தியம் காப்பாற்றப்பட்டதில் கோரையனுக்குப் பெருமையாக இருந்தது. கால் தானாகத் தரையைப் பறித்தது. அதையும் பெருமை என்றே எடுத்துக்கொண்டார்.

தலைக்கு மேல் கிளை அசைந்தது. பார்த்தால் பிடியன்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"யாராச்சும் வந்திருக்காங்களான்னு பார்க்க வந்தேன், தலைவரே."

"நானும் அதுக்குத்தான்."

"நானும்" என்றது பக்கத்துப் பாறை. அது பாறை அல்ல, கரடி. பின்னாலிருந்த புல்லுக்குள்ளிருந்து முள்ளம்பன்றி "நானும்" என்றது. மரத்துக்கு மரம் குரங்குகள், பொந்துக்குப் பொந்து கீரிகள், இலை மறைவில் மரங்கொத்திகள். மொத்த மன்றமும் மொத்த மன்றத்தைக் கண்காணிக்க வந்திருந்தது.

மைதானத்தில் பெண்கள் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூங்கில்காடு ஒரு கோல் போட்டிருந்தது. பூவாயி அடிக்கடி கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திட்ட ஆள் இல்லாததால் கால் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறியது. கோரையனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் சத்தியம்.

அப்போதுதான் அவள் பந்தைப் பறித்துக்கொண்டு கோலை நோக்கி ஓடினாள். செந்நாய் பின்னாலிருந்து பாய்ந்து அவள் காலைக் கவ்வி இழுத்தது. பூவாயி குப்புற விழுந்தாள். நடுவரான நாரை ஒற்றைக் காலில் நின்றபடி, குட்டையில் மீன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. விசில் வரவில்லை.

கோரையனுக்குள் ஏதோ வெடித்தது. தலை நிறைய உண்ணிப் பூவோடு புதரைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"டேய் நாரை! மீனா பொறுக்கிற? எங்க புள்ள காலைக் கடிக்கிறா, பெனால்டி குடுடா!"

அவ்வளவுதான். புதர்கள் எழுந்து நின்றன. மரங்களிலிருந்து குரங்குகள் கொட்டின. பிடியன் ஆவேசத்தில் இரண்டு கையையும் தூக்கி, வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடியை விட்டு, தொப்பென்று கரடியின் மேல் விழுந்தான். சத்தியம், மன்றம், மானம் எல்லாம் பறந்தன. பெண்கள் அணியை அவர்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம், நடுவரை யாருக்கும் பிடிக்காது.

நாரை பயத்தில் இரண்டாவது காலையும் கீழே ஊன்றி, விசிலை ஊதியது. பெனால்டி. பூவாயி நொண்டிக்கொண்டே வந்து அடித்தாள். கோல். சமம்.

அடித்த கையோடு நேராகக் கோரையனிடம் ஓடிவந்தாள். முகமெல்லாம் சேறு, சிரிப்பு.

"வந்துட்டீங்களாண்ணே! எங்க போனீங்க? நீங்க கத்தாம எங்களுக்குக் கால் ஓடவே மாட்டேங்குது."

"வழக்கமாக் கத்துறதையா?" என்றார் கோரையன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்ணிச்செடியில் இருந்த தூசு என்று பின்னால் விளக்கம் சொன்னார்.

"பின்ன? அதுலதான் தாளம் சரியா நிக்குது!"

கோரையன் யோசித்துப் பார்த்தார். உண்மையில் அவர்களுக்கு வேறு கோஷமே தெரியாது. பழகியது அது ஒன்றுதான். மூச்சை இழுத்துப் பிடித்து, காடே அதிரக் கத்தினார்.

"பூவாயி!"

"ஒழிக!"

"சித்திரை!"

"ஒழிக, ஒழிக!"

அத்தனை பிரியமாக, அத்தனை கண்ணீரோடு ஒரு ஒழிகவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூங்கில்காட்டு ரசிகர்கள் குழம்பிப்போய்க் கொட்டடிப்பதை நிறுத்தினார்கள். சொந்த அணியையே இப்படித் திட்டுகிறவர்கள் நம்மை என்ன செய்வார்களோ என்று சிலர் கிளம்பியும் விட்டார்கள். கடைசி நிமிடத்தில் சித்திரை வாலால் ஒரு பந்தைத் தடுத்து, அதே வாலால் வீசி அனுப்ப, பூவாயி அதை நெஞ்சில் வாங்கி, இந்த முறை வலது பக்கமாகத் திரும்பினாள். இடது பக்கம் காத்திருந்த செந்நாய் காற்றைக் கடித்தது. பந்து வலைக்குள்.

புளியங்காடு மூங்கில்காட்டை ஜெயித்தது! கரடி அழுதது. கோரையன் நாரையைக் கட்டிப்பிடிக்க ஓட, நாரை உயிருக்குப் பயந்து பறந்தது. பிடியன் கோல் கம்பத்தைப் பற்றிக்கொண்டவன்தான். அவனைப் பிரிக்க முடியாமல் கம்பத்தோடு ஊர்வலம் கொண்டுபோனார்கள்.

வெற்றி விழா மேடையில் யானை கோரையனைப் பேச அழைத்தது. அவர் தயக்கமே இல்லாமல் பேசினார். "இந்த அணிக்கு முதல் ஆட்டத்திலிருந்து வந்துகொண்டிருப்பவர்கள் நாங்கள். வெயிலானாலும் மழையானாலும் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டிருப்போமா?"

நிருபர் காக்கை குறுக்கிட்டது. "ஒழிகன்னுதானே கத்தினீங்க?"

"வீட்டுப் புள்ளைய நாம செல்லமா 'போடி கழுதை'ங்கிறதில்லையா? அது மாதிரி." கூட்டத்திலிருந்த கழுதை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் புதிதாக ஏராளமான கூட்டம் வந்தது. மான்கள், மயில்கள், குடும்பம் குடும்பமாக அணில்கள். பூவாயியின் படம் போட்ட சட்டையோடு, வாயெல்லாம் பல்லாக, "பூவாயி வாழ்க!" என்று கத்திக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தன.

கோரையன் கொம்பைக் காட்டி அவர்கள் முன்னால் போய் நின்றார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"எந்திரிங்கய்யா! ஜெயிச்ச பிறகு வாழ்கன்னு சொல்ல எவன் வேணா வருவான். நாங்க நாயா பேயா நின்னு ஒழிக ஒழிகன்னு கத்தினப்ப நீங்கள்லாம் எங்கய்யா போயிருந்தீங்க?"

நீதி: ஒன்றை ஒழிக்க நினைப்பவர்கள் முன்வரிசையில் இடம் பிடித்து ஒழிக்கவும், ஒருவேளை அது ஜெயித்துவிட்டால் இடம் மாறி உட்காரத் தேவையிருக்காது.