மாட்டாத படம் குறித்து மாப்பிள்ளைக்கு ஒரு புகார்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கழுத்துவலி ஒன்றைத் தவிர மற்றபடி சௌக்கியம். கழுத்துவலி எனக்கு, அதற்குக் காரணம் உங்கள் மனைவி. அங்கே நீங்களும் என் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் மகளின் சௌக்கியத்தை நான் விசாரிக்கவில்லை. தினமும் காலையில் நான் பல் துலக்குவதற்கு முன்பே அவளுடைய செய்தி டிங் என்று என் போனில் வந்து விழுவதைப் பார்த்தால், அவள் நல்ல தெம்போடுதான் இருக்கிறாள்.

இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உங்கள் பல் கிளினிக்குக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தால் அவள் பிரிப்பாள். போன் செய்தாலும் அவள்தான் எடுக்கிறாள். "மாப்பிள்ளைகிட்ட குடும்மா" என்றால், "இன்னைக்குப் பாடம் முடிச்சீங்களாப்பா?" என்கிறாள். ஆகவே யாராவது வாயைத் திறந்தபடி உங்கள் நாற்காலியில் படுத்திருந்தால், கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு இதைப் படியுங்கள். நியாயம் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை.

விஷயம் உங்கள் கல்யாணப் படம். எனக்குப் படமெடுக்க யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கேமரா ஒன்றைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திணறி, மாட்டி, ஃபிலிமைச் சுருள் சுருளாகப் பாழாக்கி நானே கற்றுக்கொண்ட தொழில். அந்தத் தொழிலில் நான் செய்த எல்லா வேலைகளிலும் உங்கள் கல்யாணப் படம்தான் உச்சம். உட்கார்ந்து உட்கார்ந்து டச்சப் செய்தேன். கழுத்துவலியின் மூலமே அதுதான். என் ஸ்டுடியோ ஷோகேஸில் அது நடுநாயகமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, பிரசவத்துக்கு உதவியாக வந்த உங்கள் அத்தை துண்டு தேடி அலமாரியைத் திறந்தபோது, போர்வைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்ததாம், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

மகளிடம் கேட்டேன். "சுவத்துல ஆணி இல்லப்பா" என்றாள். ஒரு பொட்டலம் ஆணி அனுப்பினேன். "சுவர் சரியில்லப்பா" என்றாள். சுவரைப் பூசிக் கொடுக்க நானே வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மை வந்தது.

"அந்தப் படத்துல என் பக்கத்துல நிக்கிறது யாருப்பா?"

"யாரா? உன் புருஷன்!"

"என் புருஷன் என்ன நிறம்?"

"கொஞ்சம் வெளிச்சம் குடுத்திருக்கேம்மா. கல்யாணப் படம் இல்லையா? எல்லாருக்கும் குடுக்கிறதுதான். உனக்கும்தான் குடுத்திருக்கேன்."

"அவரோட அம்மா அந்தப் படத்தைப் பாத்துட்டு, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாங்கப்பா."

மாப்பிள்ளை, இங்கே உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நான் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றீர்கள். உங்கள் இனத்தில் மாமனாரிடம் அப்படித்தான் சொல்வார்களா, அல்லது எங்கள் மகளைக் கட்டிய பிறகு எங்களிடமிருந்து தொற்றிக்கொண்டதா? அன்றைக்கே "மாமா, இது நான் இல்லை" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை பாடு இல்லை. உங்கள் மரியாதையால் கெட்டவன் நான்.

பாடு என்னவென்று கேளுங்கள். "பாப்பாவோட முதல் படத்தை நாங்க வேற ஸ்டுடியோவுல எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப் பேருடைய முதல் படம் என் கையால் எடுத்தது. அழுகிற குழந்தையைச் சிரிக்க வைக்க நான் காகம் மாதிரி கத்துவதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் மணி பார்த்துக்கொள்வார்கள். என் பேத்திக்கு மட்டும் எவனோ கத்துவதா? ஒரு நாள் முழுக்க நான் சாப்பிடவில்லை. மாலையில் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். "தினமும் ஒன்னு செய்யுங்கப்பா. ஏதாவது படிக்கணும், இல்ல கேக்கணும், கவனிக்கணும், யார்கிட்டயாவது பேசணும். எல்லாம் இனச் சமத்துவம் பத்தி. கொஞ்சமா இருந்தாப் போதும், ஆனா ஒரு நாள்கூட விடக் கூடாது. பழக்கமாகணும். அப்புறம் பாப்பாவைத் தூக்கிட்டு உங்ககிட்டயே வரோம்." இந்த முறை அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தேன். நீங்கள் தமிழ் கற்றுக்கொண்டது இப்படித்தானே? காலை டீயோடு தினம் ஒரு வாக்கியம். ஆகா, என்ன ஒழுங்கு என்று அன்றைக்குக் கைதட்டியவனும் நான்தான்.

சமத்துவம் எனக்குத் தெரியாதா, மாப்பிள்ளை? என் ஸ்டுடியோவில் எந்த இனத்தவர் வந்தாலும் ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு. கோட்டு இல்லாமல் வருகிறவருக்குக் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரே கோட்டு. கடைசியில் எல்லாரையும் ஒரே நிறமாக்கி அனுப்புகிறேன். இதற்கு மேலும் சமத்துவம் எந்த நாட்டில் இருக்கிறது? இதை அப்படியே மகளிடம் சொன்னேன். "நாளைக்கே ஆரம்பிங்கப்பா" என்றாள்.

சரி, ஆரம்பித்தேன். முதலில் படிக்கச் சொன்னாள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எப்போது படிப்பது? பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த பெண்மணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியபடியே படமெடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்டால், "சுவாரசியமா இருந்துச்சு சார், கண்ணை மூடிக் கேட்டேன்" என்கிறார். அடுத்து ஒருவர் பேசிய பதிவைக் கேட்கச் சொல்லி அனுப்பினாள். உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். இப்போது என் பாடத்தை எனக்கு முன்னால் அவள் முடித்துவிடுகிறாள். "நேத்து ஒருத்தங்க வாடகைக்கு வீடு தேடி அலைஞ்ச கதையைச் சொன்னாங்களே, கேட்டீங்களா? போன்ல வீடு இருக்குன்னானாம், நேர்ல முகத்தைப் பாத்ததும் இல்லைன்னானாம். நீங்க என்னத்தைக் கேட்டீங்க, குறட்டையா?" என்று காலையிலேயே பரீட்சை வைக்கிறாள்.

பிறகு ஒரு நாள் கவனிக்கும் பாடம். "உங்க வேலையிடத்துச் சுவத்துல யார் இருக்காங்க, யார் இல்லைன்னு பாருங்கப்பா" என்று செய்தி. இது சுலபம் என்று தெருவில் இறங்கி என் ஷோகேஸுக்கு எதிரே நின்றேன். போகிற ஒருவர், "என்ன சார், கடையை விக்கப் போறீங்களா?" என்று கேட்டு, அவரும் கூட நின்றுகொண்டார். உங்கள் அத்தையைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். எங்கள் தெருவில் எத்தனை இனம் உண்டோ அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

"எங்க இருக்கு?" என்றாள்.

"இதோ, டயர் கடைக்காரர்."

"இதுவா? நான் இன்சூரன்ஸ்காரர்னு நினைச்சேன்."

"இது பேக்கரி அம்மா."

"அய்யோ, எல்லாரையும் ஒரே மாவுல பிசைஞ்சு வச்ச மாதிரி இருக்குங்க. ஆமா, அந்த ஓரத்துல நிக்கிறாரே, அவர் யாரு? லட்சணமா இருக்காரு."

"நான்தான்டி அது!"

"அப்படியா? பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட நின்றவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இதோடு விட்டார்களா? அடுத்தது பேசும் பாடம். வேறு இனத்தவர் ஒருவரிடம் அவருடைய அனுபவத்தைக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். எனக்கு அடுத்த கடை சலவைக்கடை. அதன் சொந்தக்காரர் உங்கள் இனம்தான். எத்தனையோ வருஷமாக ஒரே சுவர். அவர் இஸ்திரிப் பெட்டி வைத்தால் என் பக்கத்துக் காலண்டர் ஆடும். நேராகப் போய், "உங்க இனம்ங்கிறதால உங்களுக்கு என்னென்ன அநியாயம் நடந்திருக்கு? கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க, கடை திறக்கணும்" என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பெரியவரே, பழசெல்லாம் ஆரம்பிச்சா நீங்க இன்னைக்குக் கடை திறக்க முடியாது. புதுசு ஒன்னு இருக்கு, சொல்லவா?"

"சொல்லுங்க."

"போன மாசம் உங்க கடையில பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன்."

நான் குறுக்கே பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதான் பாடம்; அதனால் மட்டும்தான்.

"பாஸ்போர்ட் ஆபீஸ்ல அதிகாரி தன் கண்ணாடியைக் கழட்டி மாட்டிப் பாத்தாரு. இது நீ இல்லைன்னுட்டாங்க. வேற யாரோட படத்தையோ கொண்டு வந்திருக்கேன்னு தனியா உக்கார வச்சு விசாரிச்சாங்க. அக்கா பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கணும். போக முடியல." பிறகு சுவரைக் காட்டினார். சலவைப் பொட்டலங்களுக்கு மேலே, நான் எடுத்த படம், ஒரு கிளிப்பில். "எங்கம்மா வந்தப்போ, யாருடா இந்தப் பையன், கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிச்சாங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். "நீங்க ஆசையா செஞ்சு குடுத்தீங்க, எப்படிச் சொல்றது?" என்றார். நீங்களும் இதே வியாதிக்காரர்தான், மாப்பிள்ளை.

தொழிலில் என்னைக் குறை சொன்னால் நான் விட மாட்டேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வரச்சொல்லி, அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். டச்சப் இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்று காட்டுவதுதான் நோக்கம். காட்டினேன். வெள்ளைக் காலர் பளிச்சென்று வந்தது, பல் வந்தது, முகம் வரவில்லை. "பாத்தீங்களா? இதுக்குத்தான் வெளிச்சம் குடுக்கிறேன்" என்றேன். என் கம்ப்யூட்டரில் டச்சப் வேலை பார்க்கும் பெண் கொட்டாவி விட்டபடி, "லைட்டெல்லாம் உங்க முகத்துக்கு வச்சது சார். உங்களைவிட வெளுப்பா இருக்கிற என்னை எடுத்தா வெளுத்துப் போவேன், இவரை எடுத்தா இருண்டுதான் போவார்" என்றாள். அவளை யார் கேட்டார்கள்? எனக்குக் கோபம் வந்தது. குடை லைட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். வெள்ளைத் திரையைச் சுருட்டிவிட்டுச் சாம்பல் திரையை இறக்கினேன். எதிர்ப்பக்கம் அவருடைய கடையிலிருந்தே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டினேன். வெளிச்சத்தைக் காலருக்கு அளக்காமல் முகத்துக்கு அளந்தேன். "பெரியவரே, பசிக்குது" என்றார். "ஆடாதீங்க" என்றேன். "அங்க துணி காயுது" என்றார். "காஞ்சா நல்லதுதானே" என்றேன்.

கடைசியில் வந்தது, மாப்பிள்ளை. நெற்றியில் ஒரு தழும்பு, கண்ணோரம் சிரிப்புச் சுருக்கம், கன்னத்தில் செம்பு மாதிரி ஒரு ஒளி. இத்தனை வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி இருந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க" என்றார். பிறகு, "அம்மாவுக்கும் ஒரு பிரதி" என்றார்.

இதையெல்லாம் எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். லைட்டை நகர்த்தியது நான். ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் மனைவியைக் கூப்பிட்டு, வயசான காலத்தில் ஒரு மனிதனைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது போதும், இந்தத் தினசரிப் பாடத்தை உடனே நிறுத்து என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவள் உங்களை முறைப்பாள், முறைக்கட்டும். கல்யாணப் படத்தை அலமாரியிலிருந்து எடுத்து, நான் அனுப்பிய ஆணியில், உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டுங்கள். நான் எடுத்த படம் எடுத்ததுதான். ஒரு புள்ளிகூட மாற்ற மாட்டேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காகம் தயாராக இருக்கிறது.

உங்கள் கைராசி பெருகட்டும். ஊரில் யார் வாய் திறந்தாலும் உங்களை நினைத்தே திறக்கட்டும். பேத்திக்கு வலிக்காமல் பல் முளைக்கட்டும். என் மகளுக்கு என் ஆசி உண்டு, ஆனால் இந்த முறை கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
தன் நியாயத்தில் நிற்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தோடு ஒரு நீளமான அட்டைக்குழாய் வந்திருக்கும். எக்ஸ்ரே என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். நான் அதிகமாக ஒன்றும் மாற்றவில்லை என்று மகளிடம் நிரூபிக்க, உங்கள் கல்யாணப் படத்தின் திருத்தாத மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு உங்களை ஜன்னலோரம் நிறுத்தியிருந்தேன், அதனால் முகம் தெளிவாகவே இருந்தது. உங்கள் கன்னத்தில் ஒரு மினுக்கம். வியர்வை என்று நினைத்து அழித்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வியர்வை அப்படிக் கண்ணிலிருந்து கோடு போட்டு இறங்காது, மாப்பிள்ளை. நீங்கள் என் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டு, உங்கள் இருவரின் நிறத்திலேயே பிரிண்ட் போட்டிருக்கிறேன். சட்டத்திலிருந்து பழையதை எடுத்துவிட்டு இதை வையுங்கள். என் ஷோகேஸிலும் இதுதான் நிற்கிறது, பக்கத்தில் சலவைக்கடைக்காரர். என் படத்தையும் மாற்றினேன். உங்கள் அத்தை இப்போது அதைப் பார்த்தால் பேசாமல் போய்விடுகிறாள். தவறு செய்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. படத்தை மாற்றினேன் என்று மட்டும்தான் அர்த்தம்.

இன்னொன்று. பல் துலக்கியாயிற்று, கடையும் திறந்தாயிற்று, இன்றைய பாடம் இன்னும் வரவில்லை. பேத்திக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? இல்லையென்றால் என் மகளைப் பாடத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அத்தை கேட்டாள் என்று சொல்லுங்கள்.