இடது பக்க எண்ணெய்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் வரிசையில் நிற்காமல் கிடைத்த ஒரே சாமான் சந்தேகம்தான். ஒருவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்போம். சிரிக்காமல் போனால் இன்னும் உற்றுப் பார்ப்போம். எனக்கு இந்தச் சரக்கு ஊருக்கு வந்ததைவிடக் கூடுதலாகவே வந்து சேர்ந்திருந்தது. (என் நிழல் எனக்கு முன்னால் போனால், இவன் எங்கே போகிறான் என்று யோசிப்பேன்.)

அப்போது ஜார்ஜ் டவுனில், ராணுவம் எடுத்துக்கொண்ட ஒரு லாரிக் கொட்டகையில் நான் மெக்கானிக். வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய டீசல் லாரி ஒன்று என் பொறுப்பு. தட்டை மூஞ்சி வண்டி. என்ஜின் வெளியே இருக்காது. டிரைவருக்கு இடது பக்கத்தில், ஒரு தகர மூடிக்குள், கூடவே உட்கார்ந்து வரும். ஓட்டியவர் சின்னையா அண்ணே. பேச்சு குறைவான மனுஷர். அதனாலேயே அவரை நான் நம்பவில்லை.

அந்த லாரிக்குத் திடீரென்று இழுவை போய்விட்டது. மரவள்ளி மூட்டை ஏற்றினால் ஆயர் ஈத்தாம் மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கொட்டகைக்குப் பொறுப்பான ஜப்பானிய சார்ஜன்ட் ஒரு நாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறான் என்பது அவருடைய முடிவு. பக்கத்துக் கொட்டகையில் இப்படித்தான் ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் சைக்கிள் அங்கேயே சாத்திக் கிடந்தது. எடுக்க யாரும் வரவில்லை. நான் பயந்து போனேன்.

ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினேன். டீசல் பில்டரைக் கழுவினேன். டீசல் பீய்ச்சும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஒன்று மட்டும் இடித்தது. என்ஜினில் ஊற்றிய எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எண்ணெய் கால் முளைத்து நடந்து போகாது. ஆக, யாரோ எடுக்கிறான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல என்ஜின் எண்ணெய் தீர்ந்துபோய், அப்போது லாரிக்குத் தேங்காய் எண்ணெய்தான் ஊற்றினோம். ஊரில் மனுஷன் தலைக்கு எண்ணெய் கிடையாது, லாரிக்கு உண்டு. தமிழன் தலையெல்லாம் காய்ந்து, செம்பட்டையாகிப் பறந்துகொண்டிருந்தது. அந்தக் காய்ந்த கூட்டத்தில் ஒரே ஒரு தலை மட்டும் பளபளத்தது. சின்னையா அண்ணே தலை.

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. பெரிய துப்பறியும் அதிகாரி மாதிரி நேராக சார்ஜன்ட்டிடம் போய், தெரிந்த மலாயில், "துவான், அடா ஓராங் சூரி மிஞ்ஞா" என்றேன். யாரோ எண்ணெய் திருடுகிறான் என்று அர்த்தம்.

அவர் கேட்டது ஒரே வார்த்தை. "சியாப்பா?"

யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. (துப்பறியும் அதிகாரியின் லட்சணம்.) நாளைக்குச் சொல்கிறேன் என்று குளறினேன். அவர் சின்னையா அண்ணே பக்கம் பார்த்தார், என் பக்கம் பார்த்தார், வாளின் பிடியைத் தட்டினார். நாளைக்கு ஒரு பெயர் வேண்டும். இல்லாவிட்டால் என் பெயரே போதும். அப்போதுதான் என் மரமண்டைக்கு நான் செய்து வைத்த காரியம் புரிந்தது.

பெயரைச் சொல்வதற்கு முன் ஆதாரமாவது பார்த்துவிடுவோம் என்று அன்று சாயங்காலம் டத்தோ கிராமட்டில் இருந்த சின்னையா அண்ணே வீட்டுக்குப் போனேன். அண்ணே இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய தங்கை ராசம்மா இருந்தாள். பலகையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கு எடுத்து வரப் போனாள். நான் கணக்குப் போட்டேன். திருடுகிறவன் வீட்டுக்குக் கொண்டு வராமல் இருப்பானா? தங்கச்சி தலைக்கும் கொடுத்திருப்பான் அல்லவா?

அவள் தட்டை வைக்கக் குனிந்தாள். நான் கழுத்தை நீட்டி அவள் தலையை மோந்து பார்த்தேன்.

"என்னாங்க செய்றீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, தும்மல் வந்துச்சு." (இந்த 'அக்கா' பின்னால் எவ்வளவு காலம் என்னைப் படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.)

"தும்மல்னா வெளிய வரும். நீங்க உள்ளல்ல இழுத்தீங்க."

அந்த நேரம் பார்த்து அண்ணே உள்ளே வந்தார். மறைக்க வழியில்லை. எண்ணெய் குறைவது, சார்ஜன்ட் பெயர் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முகம் வெளுத்து அப்படியே சுவரில் சாய்ந்தார். ராசம்மாவுக்குத்தான் கோபம்.

"வீட்டுல எண்ணெ இருந்தா என் தலை ஏன் தேங்கா நாரு மாதிரி கெடக்கு? அவரு சட்டையத் தொவைக்கிறவ நான். அம்புட்டும் எண்ணெ. அதுவும் இடது பக்கம் மட்டும். எந்தத் திருடன் லா ஒரு பக்கத்துக்கு மட்டும் தேய்ப்பான்?"

அண்ணேயைப் பார்த்தேன். இடது காது மின்னியது. வலது காது காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

இடது பக்கம்தானே என்ஜின்.

தேங்காய் எண்ணெய் சூட்டில் பிசினாகிப் பிஸ்டன் ரிங்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடைத்து நிற்க வேண்டிய ரிங் அடைக்காததால், வண்டியைத் தள்ள வேண்டிய காற்று கீழே எண்ணெய்க்குள் புகுந்து, எண்ணெயைப் புகையாக்கி எண்ணெய் ஊற்றும் ஓட்டையின் மூடி வழியாக மேலே கக்கியிருக்கிறது. இழுவை போன வழியும் எண்ணெய் போன வழியும் ஒன்றுதான். அந்தப் புகையில்தான் அண்ணே தினமும் தலை முழுகியிருக்கிறார். என்ஜின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் முதல் வேலை. நான் மனுஷர்களை மோந்துகொண்டிருந்ததால் அதற்கு நேரமில்லை.

மறுநாள் காலை சார்ஜன்ட் வந்தார். நான் என்ஜினைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. அண்ணேயை வண்டியை முடுக்கச் சொல்லிவிட்டு, தகரத்தைத் தூக்கி, எண்ணெய் மூடியைக் கழற்றி, ஓட்டையின் மேல் கவிழ்த்து வைத்தேன். மூடி தடதடவென்று ஆடியது. சார்ஜன்ட் இடது கதவு வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு வலது தோளுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பி, மறுபடியும், "சியாப்பா?" என்றார்.

அதே நேரம் அண்ணே பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். மூடி பறந்தது. புகையும் எண்ணெயும் கிளம்பி சார்ஜன்ட் முகத்தில் அடித்தன. என் பக்கம் திரும்பியிருந்ததால், இடது கன்னத்தில் மட்டும்.

அண்ணே ரோட்டைப் பார்ப்பதுபோல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜன்ட் கன்னத்தைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார். அண்ணேயின் இடது காதைப் பார்த்தார். மெதுவாக அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் அதே எண்ணெய்க் கையால் எனக்கு ஓர் அறை விட்டார். அதுவும் இடது கன்னத்தில்தான் விழுந்தது. அன்றைக்குக் கொட்டகையில் மூன்று பேருக்கு ஒரே பக்கம் மின்னியது.

அப்புறம் பிஸ்டன்களை இறக்கி, ரிங்குகளைச் சுரண்டிக் கழுவிப் பூட்டினேன். லாரி மேடு ஏறியது. சின்னையா அண்ணே தினமும் வீட்டுக்குப் போனார், காய்ந்த தலையோடு.

ஜப்பான்காரன் போன பிறகு ராசம்மாவை எனக்கே கேட்டேன். நலங்கு அன்று மச்சான் முறையில் அண்ணே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். என் தலையில் இடது பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு, கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கை இருந்திருக்காது என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். யாரோ கேட்டதற்கு, கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்றேன்.

"இடது கண்ணா?" என்றாள் ராசம்மா, உள்ளே இருந்து.

இன்றும் எங்கள் வீட்டு நலங்கில் மாப்பிள்ளைக்கு முதலில் இடது பக்கம்தான் எண்ணெய். சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். கேட்டால், அது எங்கள் குடும்பத்து வழக்கம் என்று சொல்லிவிடுகிறோம்.