நமுனுகுல மலையும் மூன்று கிளாஸ் தேத்தண்ணியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு விஜேந்திரன் தன் வீட்டில் சட்டம் போட்டார்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள வாட்டர் கலர் கிடையாது!"

சட்டத்துக்குக் காரணம் சுவர். நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய குவாட்டர்ஸ். தீபாவளிக்கு முந்திய வாரம்தான் அதன் முன்னறைச் சுவருக்கு அவரே ஏணி போட்டு ஏறி வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். மூன்று நாள் லீவும் இடுப்பில் உடுத்தியிருந்த ஒரு நல்ல சாரமும் அதற்கே போய்விட்டன. இடுப்பு வலி மட்டும் இன்னும் போகவில்லை. அந்தச் சுவரில் இப்போது நான்கு வயது அஜந்தனின் ஐந்து விரல்களும் கருநீலத்தில் பதிந்திருந்தன. தம்பி செய்த காரியத்தை மறைத்துக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் ஆறு வயது யசோதினி அதன் மேல் ஒரு யானை வரைந்திருந்தாள்.

"தும்பிக்கை என்னமா வந்திருக்கு பாருங்க" என்றாள் கலாராணி.

"கலா, நான் சுவரப் பத்திப் பேசுறேன்."

"நானும் சுவரப் பத்தித்தாங்க பேசுறேன். அதுலதானே யானை நிக்குது."

"வெளையாடாத. வாட்டர் கலர் பெட்டிய எடுத்துட்டுப் போகப் போறேன்."

"பிள்ளைங்க பாவங்க. அடைமழை. வெளிய போனா அட்டை கடிக்குது. உள்ள இருந்தா ஒண்ண ஒண்ணு கடிக்குதுங்க. பெயிண்ட் பெட்டி வந்த பொறகுதான் ரெண்டும் ஒரு மணித்தியாலமாவது ஒத்துமையா உக்காருதுங்க."

"சட்டம்னா சட்டம்தான்."

கலாராணி பெட்டியை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

விஜேந்திரன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான எட்டு வருடத்தில் அவள் மூன்றே முறைதான் இப்படி மறுபேச்சில்லாமல் சரிங்க சொல்லியிருக்கிறாள். முதல் முறை, மோட்டார் சைக்கிள் வாங்கப் போனவர் தையல் மெஷினோடு வீடு திரும்பினார். இரண்டாவது முறை அவருடைய மீசை போயிற்று. மூன்றாவது முறை என்ன நடந்தது என்பது அவருக்கே இன்றுவரை புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் துருவுவது அவர்தான்.

இருந்தாலும் வெற்றிப் போதையில் அவருக்கு இதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. பெட்டியையும் இரண்டு பிரஷ்களையும் எடுத்துக்கொண்டுபோய் ஃபெக்டரி சாம்பிள் அறையின் உச்சித் தட்டில் வைத்துப் பூட்டினார். அங்கே அவர் சின்ன டீமேக்கர். தேயிலைத் தூள் எப்படி வந்திருக்கிறது என்று ருசி பார்த்துச் சொல்வது அவர் வேலை. வரிசையாகக் கோப்பைகள் வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து மலைக்குக் கேட்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்ர்ர்ப்' என்று உறிஞ்சுவார். தோட்டத்தின் எந்த டிவிஷன் கொழுந்து, அதன் வாடல் சரியா, அடுப்புச் சூட்டில் அதிகம் காய்ந்துவிட்டதா எல்லாவற்றையும் அந்த நாக்கு சொல்லிவிடும். தோட்டம் முழுக்க அந்த நாக்குக்கு மரியாதை இருந்தது. வீட்டில் மட்டும்தான் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை.

ஒரு வாரம் சுவரில் புதிதாக ஒரு பொட்டு அழுக்கில்லை. பிள்ளைகளும் அடம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, ஃபெக்டரியிலிருந்து மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவர் முன்னறையில் அப்படியே நின்றுவிட்டார்.

மேசை மேல் மூன்று கிளாஸ்கள். மூன்றிலும் பால் சேர்க்காத தேத்தண்ணி, ஆவி பறக்க. ஒன்று இளம் நிறம், ஒன்று நடுத்தரம், ஒன்று கடும் சிவப்பு. ஃபெக்டரியில் வைப்பது போலவே வரிசையாக, பக்கத்தில் ஒரு கரண்டியோடு!

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடத்தில் முதல் முறையாக மனைவி தன் தொழிலுக்கு மரியாதை செய்திருக்கிறாள்.

நனைந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. கரண்டியை எடுத்தார்.

'ஸ்ஸ்ஸ்ர்ர்ப்!' "ம்ம். இது லேசு. தூள் பத்தல."

'ஸ்ஸ்ஸ்ர்ர்ப்!' "இது பரவால்ல."

'ஸ்ஸ்ஸ்ஸ்ர்ர்ர்ப்!' கண்ணை மூடினார். "அடடா! கலா! இதுதான் தேத்தண்ணி! மேட்டுக் கொழுந்து! பக்குவமான வாடல்! தனி மணம் ஒண்ணு இருக்கு பாரு, நம்ம பெரிய டீமேக்கர் ஐயாவே இப்படி ஒண்ணக் குடிச்சிருக்க மாட்டாரு!"

கண்ணைத் திறந்தார். எதிரே யசோதினி நின்றாள். கையில் ஷேவிங் பிரஷ். அவருடைய ஷேவிங் பிரஷ்! அதை அவள் மூன்றாவது கிளாஸில் விட்டு நிதானமாகக் கலக்கினாள்.

"அம்மா! அப்பா எங்க பெயிண்ட்ட குடிச்சிட்டாரு!"

விஜேந்திரன் கரண்டியைக் கீழே விட்டார். அப்போதுதான் மேசையின் அந்தப் பக்கம் கிடந்த தாளைப் பார்த்தார். வர்ணப் பெட்டிதானே போயிற்று, தேத்தண்ணி இருக்கிறதே என்று பிள்ளைகள் அதிலேயே படம் போட்டிருந்தார்கள்!

"இந்த பிரஷ்ஷுலயா... இந்த கிளாஸ்லயா..." இரண்டையும் மாறி மாறிக் காட்டினார்.

கலாராணி குசினி வாசலில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்த ஃபோனை மட்டும் மெதுவாக எடுத்தாள்.

"அது என்னா ஃபோனு?"

"பிள்ளைங்க படம் போடுறத வீடியோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பலாம்னு வச்சேங்க. நீங்க நடுவுல வந்துட்டீங்க."

"வீடியோவுல எல்லாம் வுழுந்திருச்சா?"

"'மேட்டுக் கொழுந்து'ங்கறது ரொம்பத் தெளிவா வுழுந்திருக்கு."

வெளியே வேலிப் பக்கம் இருமல் கேட்டது. பக்கத்து வீட்டுக் கந்தப்பன். கொழுந்து லொறி ஓட்டுபவர். அவர் காதில் காலையில் விழுந்தது மாலைக்குள் எல்லா டிவிஷனுக்கும் கொழுந்துச் சாக்கோடு போய் இறங்கிவிடும். சின்ன டீமேக்கர் ஷேவிங் பிரஷ் கழுவின தண்ணியை மேட்டுக் கொழுந்து என்றாராம்! அந்தச் செய்தி ஃபெக்டரிக்குள் போனால் அந்த நாக்கை இனி யார் நம்புவார்கள்?

"கந்தப்பன் அண்ணே தேத்தண்ணி குடிக்க வர்றேன்னாரு" என்றாள் கலாராணி, தன் பாட்டுக்கு.

"கலா, அவருகிட்ட..."

"நான் என்னத்தங்க சொல்லப் போறேன்? பிள்ளைங்க வாயத்தான் என்னால பூட்ட முடியாது. கையில வேல இருந்தா வாய் சும்மா இருக்கும்."

அடுத்த பத்தாவது நிமிடம் விஜேந்திரன் கொட்டுகிற மழையில் ஃபெக்டரிக்கு ஓடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது வர்ணப் பெட்டி சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. கந்தப்பன் தேத்தண்ணி குடித்துப் போகும்வரை பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. மும்முரமாக வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் அந்தத் தேத்தண்ணிப் படத்தை நன்றாகப் பார்த்தார். நமுனுகுல மலை. பஞ்சாலும் விரலாலும் போட்டது. கிட்டத்து மேடு கடும் சாயம். அதற்குப் பின்னால் கொஞ்சம் வெளிறியது. உச்சி, மூடுபனிக்குள் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு லேசு. இருபது வருடமாகத் தேத்தண்ணியின் நிறம் பார்க்கிறவர். அதற்குள் ஒரு மலை இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மாதான். தூரத்துல இருக்கறதுக்கு தண்ணி கூட ஊத்தணுமாம்" என்றாள் யசோதினி.

கலாராணியை அவர் நிமிர்ந்து பார்த்தார். பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "அந்த மலைக்கு நீலம் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார்.

"போட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் வேலை விட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் தண்ணீர் மாற்றிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை ஒரு பெரிய நீல மலை எழும்பியது. அதை வெளிர்மஞ்சள் சுவரில், யானைக்குப் பக்கத்தில், அவரே ஆணி அடித்து மாட்டினார். அந்த உற்சாகத்தில் துணிந்து கேட்டார்.

"கலா, அந்த வீடியோவ அழிச்சிருவோமே."

"சரிங்க. ஒருக்கா பாத்துட்டு நீங்களே அழிச்சிருங்க."

பார்த்தார். கலாராணி கேத்தலிலிருந்து மூன்று கிளாஸிலும் புதிதாக ஊற்றுகிறாள். பக்கத்தில் ஷேவிங் பிரஷ், போன மாதம் பசறைக் கடையில் அவர் வாங்கி வைத்த புதுப் பிரஷ், பிளாஸ்டிக் கவரோடு கிடக்கிறது. அவர் வருகிறார். உறிஞ்சுகிறார். கண்ணை மூடுகிறார். அப்போதுதான் யசோதினி கவரைக் கிழிக்கிறாள்!

"கலா! நான் குடிச்சது சுத்தமான தேத்தண்ணி!"

"ஆமாங்க. நீங்க கொண்டாந்த சாம்பிள் தூளுதான். ஆறட்டும்னு வச்சேன். ஆவி பறக்குற தேத்தண்ணியில எந்தப் புள்ள பிரஷ்ஷு கழுவும்?"

"அப்ப என் நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு!"

"உங்க நாக்கு என்னிக்குங்க தப்பா சொல்லியிருக்கு? நீங்கதான் அத நம்பல."

விஜேந்திரன் கொதித்து எழுந்தார். சட்டம் மறுபடியும் அமல்! பெட்டியை வெடுக்கென்று எடுத்தார். நீலக் கட்டி இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது. சுவரில் அவருடைய மலை, உச்சிக்கு மட்டும் நீலம் பூசாமல், அவரையே பார்த்துக்கொண்டு தொங்கியது.

"அப்பா, நீலத்த பூரா நீங்களே முடிச்சிட்டீங்க" என்றாள் யசோதினி.

"ரெண்டு மணி பஸ் இருக்குங்க" என்றாள் கலாராணி. "பசறையில நீலம் வாங்கிட்டு, அப்படியே உங்களுக்கு ஷேவிங் பிரஷ் ஒண்ணும் வாங்கிக்கிங்க. அது இனிமே பிள்ளைங்களோடது."

விஜேந்திரன் குடையை எடுத்தார்.

"சரிங்க" என்றார்.