உன் அண்ணியை யார் தூக்குவது

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. பதினோராவது மாடியில் நானும் உன் அண்ணியும் நலம். தரைத்தளத்தில் இருக்கும் உனக்கு நலத்துக்கு என்ன குறைச்சல். விஷயத்துக்கு வருகிறேன்: உன் வீட்டு முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடு.

காரணம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கப் பளபளவென்று அலுமினியத் தகடு ஒட்டியிருக்கிறதே, நீகூட வந்தபோது அதில் முகம் பார்த்துத் தலை வாரினாயே, அது தீப்பிடிக்குமா என்று பார்க்க ஒரு ஆய்வாளர் அம்மா வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் அவரை வாசலிலேயே மடக்கி, கருங்கல் தூணைத் தட்டிக் காட்டி, "எவ்வளவு உறுதி பாருங்க" என்றார். அந்த அம்மா தூணுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே மேலே வந்து, போயும் போயும் என் பால்கனி ஓரத்தில் உள்ளங்கையளவு வெட்டியெடுத்தார். இருபக்கமும் மெல்லிய தகடு, நடுவில் கறுப்பாகப் பிளாஸ்டிக். சோதனைக்கூடத்தில் எரித்துப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு வீட்ல பத்திக்கிட்டா வெளிப்பக்கமா மாடி மாடியா ஏறிடும். எல்லாத்தையும் கழட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து லிஃப்டில் எல்லோரும் என்னைக் கட்டடத்துக்கே கொள்ளி வைத்தவன் மாதிரி பார்க்கிறார்கள். சங்கக் கூட்டத்தில், என் பால்கனி ஓட்டையை மட்டும் நல்ல தகடு போட்டு மூடிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று கைதூக்கித் தீர்மானமே போட்டாயிற்று. "இத்தனை வருஷம் எரியல, இனிமே எதுக்கு சார் எரியப்போகுது?" என்று தலைவர் கேட்க, அதற்குக் கைதட்டல் வேறு. நான் வாயைத் திறந்தால், "உங்க வீட்ல வெட்டின பிறகுதான் சார் இங்க வீட்டு விலை இறங்குச்சு" என்கிறார் எதிர்வீட்டுப் பல் டாக்டர். இவர்களோடு யார் மாரடிப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாதாம். உன் அண்ணியோ சக்கர நாற்காலியில். என்னையே ஒருவர் கைப்பிடித்து இறக்க வேண்டும். அவளிடம் இதைச் சொன்னால், "நீங்க முதல்ல இறங்கிடுங்க, நான் மெதுவா வர்றேன்" என்கிறாள், கடைக்குக் கிளம்புகிறவள் போல.

ஆகவே சனிக்கிழமை மூட்டை முடிச்சோடு வருகிறோம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. தீயும் திருடனும் உன் வாசல் பக்கம் வராதிருக்கட்டும்.

பின்குறிப்பு: அறை வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். "நாம போயிட்டா இங்க வேற யாராவது குடிவருவாங்க. அவங்க மட்டும் எரியலாமா?" என்றவள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். தகட்டைக் கழற்றச் சொல்லும் மனுவோடு நானும் பின்னால் போனேன். கதவு திறந்ததும் ஒரே கேள்வி: "தீப்பிடிச்சா என்னை எப்படி இறக்குவீங்க?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாசலிலேயே இருப்பாள். பல் டாக்டர் மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தலைவர்தான் வீறாப்பாக, "நானே தூக்கிட்டுப் போவேன்மா" என்றார். "அப்ப தூக்குங்க, பாத்துடலாம்" என்றாள். எங்கள் மாடியிலிருந்தே தூக்கினார். ஒன்பதாவது மாடிப் படியில் இறக்கி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் பேனா கேட்டார். நான் நாற்காலியைக் கொண்டுபோய் அவளை உட்கார வைத்தேன். லிஃப்டில் திரும்பும்போது அவள் ஒரே சிரிப்பு. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்பது வரைக்கும்தாங்க வர முடிஞ்சுது" என்றாள்.