தங்கையின் அணியிலக்கணம் பற்றி மச்சானுக்கு

சேசு மரி சூசை துணை

மாரண்டஹள்ளி
9.2.1971

கம்பைநல்லூரில் இருக்கும் மச்சான் ஞானராஜ் அவர்களுக்கு, சவரி எழுதிக்கொள்ளும் தோத்திரம். சர்வேசுரன் தயவில் உங்கள் தங்கை ராஜமேரி நலம், தக்காளி மண்டியும் நலம். என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ராஜமேரி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தனியாக எழுதுகிறேன் என்றதும் சரி என்றவன் நான். தமிழ் சொல்லிக்கொடுக்க மாது வாத்தியார் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். கல்யாணமாகாதவர், இஸ்திரி போட்ட சட்டை. போன வாரம் அவர், 'மதி போன்ற முகம்' என்றால் உவமை, 'முகமதி' என்றால் உருவகம் என்று விளக்கினார். விளக்கட்டும், அதை இவள் முகத்தைப் பார்த்தா விளக்க வேண்டும்? சுவரில் மாதா படம் போட்ட காலண்டர் இருக்கிறதே. இத்தனை வருசத்தில் நான் அவளை எதோடும் ஒப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே, உன் கன்னம் தக்காளி போல இருக்கிறது என்றேன். பொதுத்தன்மை என்ன என்று கேட்டாள். இரண்டும் அமுக்கினால் கெட்டுப்போகும் என்று தொழில் தெரிந்தவனாகப் பதில் சொன்னேன். அன்று எனக்குக் குழம்பில்லாத சோறு. பிறகு, புகழ்வதுபோல் திட்டுவதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் எனக் காதில் விழவே, வாத்தியாரை வாசலில் நிறுத்தி, உங்களைப் போல நேரம் காலம் பார்க்காமல் அடுத்தவர் வீட்டுக்கு வருகிறவரை நான் கண்டதே இல்லை என்றேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் அரைமணி முன்னதாகவே வந்துவிடுகிறார்.

நேற்று அவர் தண்ணீர் கேட்டார். இவள் சொம்பைத் துலக்கிக் கொண்டுவந்தாள். அவர் போனதும், எனக்கு என்றைக்காவது துலக்கியதுண்டா என்று கேட்டேன். ராஜமேரி கோபப்படவில்லை.

"மழை அதும்பாட்டுக்குப் பேயுது. எனக்காக அழுவுதுன்னு ஒருத்தர் பாடுனா, அதுக்குப் பேரு தற்குறிப்பேற்றம்ங்க. வாத்தியாரு தாகத்துக்குத் தண்ணி கேட்டாரு. நீங்க ஒங்க குறிப்ப ஏத்திட்டீங்க."

படிக்கிற பாடமெல்லாம் என்மேலேயே திரும்புகிறது, மச்சான். ஆகையால் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, படித்தது போதும் என்று அண்ணன் முறையில் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அதற்கும் ஒரு அணியின் பெயர் சொல்வாள்.

பாக்கியமேரி அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதாவின் காவல் உங்கள் வீட்டின்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் சவரி

பி.கு.: தபாலாபீசு போகும் வழியில் கேள்விப்பட்டேன், வாத்தியாருக்கு ஏரியூருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். திரும்பி வந்து சந்தோசமாகச் சொன்னேன். ராஜமேரி அழவில்லை. புத்தகங்களை அடுக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. நானே புத்தகங்களை இறக்கிவிட்டேன். பரீட்சை வரைக்கும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை ஏரியூருக்குப் பஸ்ஸில் அழைத்துவருகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லியாயிற்று. நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்டியைப் பார்த்துக்கொள்வதானால் வாருங்கள். பாடம் நடக்கும்போது அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் உட்காருவேன் என்பதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.