கனிசியஸ் கழுவிய விளையாட்டுப் பெட்டி

வள்ள முதலாளி சம்மாட்டியார் நீக்கிலாப்பிள்ளையின் வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் கனிசியஸ் கிணற்றடியில் வைத்து நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது, மனைவி மக்டலீன் பார்த்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ! கறண்டிலை ஓடுற சாமானை ஆரும் கழுவுவினமே?"

"கடற்கரை வீட்டிலை இருந்த சாமான். உள்ளுக்கை உப்புப் பிடிச்சிருக்கும். கடலாலை வந்த எஞ்சினை நல்ல தண்ணியிலை கழுவாமல் விடுறமே?"

மீனவர் ஊரான குருநகரில் இந்த நியாயத்தை எவராலும் மறுக்க முடியாது. மக்டலீன் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள்.

பெட்டி ஜேர்மனியிலிருந்து வந்தது. தொலைக்காட்சியில் பொருத்தினால் ஒரு மஞ்சள் வண்டு ஓடியோடிப் பழம் பொறுக்கும். "பழுதாய்ப் போச்சு, திருத்திக் கொண்டா. புது வள்ளத்தின்ரை எஞ்சினை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு பிறகு பாப்பம்" என்று சம்மாட்டியார் சொல்லியிருந்தார். எஞ்சின்காரனுக்குப் பங்கும் அதிகம், மதிப்பும் அதிகம். வலை இழுத்தே முதுகு வளைந்த கனிசியஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கழுவியதைக் கருவாட்டுப் பந்தலில் காயப் போட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தால், பொத்தான் வைத்த கைப்பிடியைக் காணோம். காகம் தூக்கிப் போய், யாகப்பர் கோயில் கூரையில் வைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. அது நெத்தலி இல்லையென்று தெரிவதற்குள் இரண்டு பொத்தான்களை விழுங்கிவிட்டது.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"எங்கடை வாசல் மணிப் பொத்தானைக் கழட்டிப் பூட்டினால் சரி."

கூரையில் ஏறிக் கைப்பிடியை எடுத்து வந்து பூட்டினார். உள்ளே நின்ற ஈரம் போக மண்ணெண்ணெய் ஊற்றினார். மண்ணெண்ணெய் மணம் போகக் கிறீஸ் பூசினார். பிறகு மக்டலீனின் தொலைக்காட்சியில் பொருத்தி மின் ஆளியைத் தட்டினார்.

திரையில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியே!"

அடுத்ததாகப் புகை வந்தது. அதற்கடுத்ததாக ஒழுங்கை முழுவதும் மின்சாரம் போனது. அயலவர்கள் வெளியே வந்து மின்சாரக்காரரைத் திட்டினார்கள். கனிசியஸும் வெளியே போய்ச் சேர்ந்து திட்டினார்.

அன்று பின்னேரமே சம்மாட்டியார் மனைவி ஸ்ரெல்லாவோடு வந்து நின்றார். பெட்டியிலிருந்து கிறீஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"இனி ஓடாதோடா?"

"ஓடாது, சம்மாட்டியார்."

"கொழும்புக்கு அனுப்பினாலும்?"

"அனுப்பினாலும் ஏலாது."

"சத்தியமாய்?"

"யாகப்பராணை."

சம்மாட்டியாரின் கண் கலங்கியது. கனிசியஸின் தோளை இறுகப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, வாசற்படலையைத் தாண்டிப் போனார்.

கனிசியஸ் ஸ்ரெல்லாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, நல்லாய்க் கவலைப்படுறார் போலை. அந்த எஞ்சின்..."

ஸ்ரெல்லா வெளியே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"கவலையில்லை, தம்பி, சந்தோசம். பெட்டி நல்லாத்தான் ஓடினது. எங்கடை பெடியள் கடலுக்குப் போகாமல் அதுக்கு முன்னாலை கிடக்கிறாங்கள் எண்டுதான், எஞ்சினை வேறை ஆளுக்குக் குடுத்த கையோடை, இதைத் திருத்தச் சொல்லி உம்மட்டைத் தந்துவிட்டவர்."